பெங்களூரில் வேலை தேடுகிறீர்களா? ரெஸ்யூமை இப்படி எழுதுங்கள்

விடிகாலை ஐந்து மணிக்கு மடிவாளாவில் நின்றால் சேலம், மதுரை, திருநெல்வேலி என்று ஒவ்வொரு பஸ்ஸாக வந்து ஆட்களை இறக்கிவிடும். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் மார்க் ஷீட்டுகளோடு இருபது ஜெராக்ஸ் பயோடேட்டா. ஊரில் பிரவுசிங் சென்டர்க்காரர் வேறு யாருக்கோ அடித்து வைத்திருந்ததில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார். தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆகவில்லை, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று ஒரு கையெழுத்து.

பதினான்கு வருடமாக இந்த ஊரில் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கால்மணி நேரம் பேசினால் அத்தனை விஷயம் வெளியே வரும். தாளில் அதில் ஒன்றுகூட இருக்காது. நம் பிள்ளைகள் உண்மையில் செய்த வேலையை எழுதக் கூசுகிறார்கள். செய்யாததை இன்னொருவர் ரெஸ்யூமிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரெஸ்யூமா, சி.வி.யா என்று குழம்ப வேண்டாம். இங்கே கம்பெனிகளில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள். கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி வேலைகளுக்குக் கேட்கும் சி.வி. மட்டும் நீளமானது. வெளியான கட்டுரைகள், கருத்தரங்குகள் எல்லாம் அதில் வரும். நான் சொல்லப்போவது மற்ற எல்லா வேலைகளுக்குமான ஒன்றிரண்டு பக்கத் தாளைப் பற்றி.

முதல் வேலை: ஒரு நோட்டு

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டு வாங்கி, நீங்கள் இதுவரை செய்த வேலைகளைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் தெரிந்த நாலு சொல்லுக்குள் மாட்டிக்கொள்வீர்கள். "ஹார்ட் ஒர்க்கிங்", "டீம் பிளேயர்", "குயிக் லேர்னர்" எல்லாம் அப்படி வந்து விழுகிறவைதான். படிக்கிறவருக்கு அவற்றால் ஒன்றும் தெரியாது. வருகிற ஒவ்வொரு ரெஸ்யூமிலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன.

அரிசி மண்டியில் மூன்று வருடம் கணக்கு பார்த்த ஒரு பெண் வந்திருந்தார். ரெஸ்யூமில் ஒரே வரி: "அக்கவுண்ட்ஸ் பார்த்தேன்." பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பில்? எழுபது, எண்பது. எதில் போடுவீர்கள்? டேலி சாஃப்ட்வேரில். ஜிஎஸ்டி யார் பார்ப்பது? "நான்தான்க்கா. மாசம் 11-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-க்குள்ள 3பி ரிட்டர்ன். ஆடிட்டர் ஒருதடவை பார்ப்பார், அவ்வளவுதான்." தாமதக் கட்டணம் எப்போதாவது வந்ததா? ஒருமுறைகூட இல்லை. வசூல்? நாற்பது கடைகளின் பாக்கியை வாரா வாரம் போன் செய்து வசூலிப்பதும் அவர்தான்.

அந்த ஒரு வரி நான்கு வரியானது. தினம் எழுபது முதல் எண்பது பில் வரை டேலியில் பதிவு. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு மூன்று வருடமும் தாமதமின்றித் தாக்கல். நாற்பது வாடிக்கையாளர்களின் பாக்கி வசூலும், யாருடையது எத்தனை நாள் பாக்கி என்ற பட்டியலும். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் அவர் செய்ததுதான். அதைப் பெரிய விஷயமாக அவர் நினைத்ததே இல்லை.

உங்கள் நோட்டிலும் ஒவ்வொரு வேலைக்கும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை? எந்த மெஷின், எந்த சாஃப்ட்வேர்? யாரிடம் கொடுத்தேன்? நான் வருவதற்கு முன் எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது? நான் ஒரு வாரம் லீவு போட்டால் எது நின்றுபோகும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பொறுப்பு எது என்று அதில்தான் பளிச்சென்று தெரியும்.

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் மெஷின் வேலைக்கு வருகிற ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகள் வெறுமனே "சிஎன்சி ஆபரேட்டர்" என்று எழுதுகிறார்கள். டர்னிங்கா, மில்லிங்கா? ஃபானுக் கன்ட்ரோலா, சீமென்ஸா? புரோகிராமில் திருத்தம் செய்யத் தெரியுமா, ஆஃப்செட் மட்டும் மாற்றுவீர்களா? எத்தனை மைக்ரானுக்குள் அளவு பிடிப்பீர்கள்? மைக்ரோமீட்டர், போர் டயல் கேஜ் கையாளத் தெரியுமா? ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ்? சூப்பர்வைசர் நேரில் கேட்கப் போவது இதைத்தான். தாளிலேயே இருந்துவிட்டால் உங்களைக் கூப்பிட அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னும் வேலைக்கே போகாதவர் என்ன எழுதுவது? கடைசி வருட புராஜெக்டை எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் கை பட்ட பகுதி எது என்று எழுதுங்கள். "முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் சிஸ்டம்" என்று தலைப்பை மட்டும் போட்டால், நாலு பேர் ரெஸ்யூமிலும் அதே வரிதான் இருக்கும். "அதில் டேட்டாபேஸ் பகுதியை நான் எழுதினேன், அறுபது மாணவர்களை வைத்துச் சோதித்தோம்" என்றால் அது உங்களுடையது. அப்பாவின் கடையில் சனி ஞாயிறு கல்லாவில் உட்கார்ந்தது, ஹாஸ்டல் மெஸ் கணக்கு பார்த்தது, ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாமே வேலைதான். தாராளமாக எழுதுங்கள்.

விளம்பரத்தைப் பென்சிலோடு படியுங்கள்

வேலை விளம்பரத்தை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "அப்ளை" பொத்தானை அழுத்தாதீர்கள். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் திறமைகளை அடிக்கோடிடுங்கள். உங்களிடம் இருப்பவற்றுக்கு டிக் போடுங்கள். பாதிக்கு மேல் டிக் விழுந்தால் விண்ணப்பியுங்கள். எல்லாம் இருந்தால்தான் போடுவேன் என்று காத்திருக்க வேண்டாம். நம் பெண் பிள்ளைகள் இதில் ரொம்பவே தயங்குகிறார்கள், தயங்காதீர்கள்.

டிக் போட்டவற்றை விளம்பரத்தில் உள்ள அதே சொல்லால் ரெஸ்யூமில் எழுதுங்கள். பெரிய கம்பெனிகளில் முதலில் ஒரு மென்பொருள்தான் ரெஸ்யூம்களைச் சேர்த்து வைக்கிறது. நாங்கள் அதில் சொல் போட்டுத் தேடுவோம். "டேலி" என்று தேடும்போது, நீங்கள் "கணக்கு மென்பொருள்" என்று எழுதியிருந்தால் உங்கள் பெயர் வராது. டிக் விழாதவற்றைச் சேர்க்காதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வந்துவிடும்.

பெயரும் இனிஷியலும்

இது நம் ஆட்களுக்கு அதிகம் வரும் தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "முருகேசன் கே" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள் என்பதால் அங்கே அப்பா பெயரும் சேர்ந்து "முருகேசன் கந்தசாமி" ஆகியிருக்கும். ஆதாரில் "கே முருகேசன்". இங்கே கம்பெனிகளின் ஆன்லைன் படிவத்தில் "லாஸ்ட் நேம்" கட்டாயம் என்று சிவப்பில் நிற்கும். ஒரு புள்ளி வைப்பார்கள் சிலர், "கே" என்று ஒற்றை எழுத்தைப் போடுவார்கள் சிலர், ஊர்ப் பெயரைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மூன்று இடத்தில் மூன்று பெயர் என்று நிற்கும். சேரும் தேதி தள்ளிப்போகும்.

இப்படிச் செய்யுங்கள். பான் கார்டில் அல்லது பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ அதையே படிவங்கள் எல்லாவற்றிலும் போடுங்கள். லாஸ்ட் நேம் என்ற இடத்தில் அப்பா பெயர். ரெஸ்யூமின் தலைப்பிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். மின்னஞ்சலும் அந்தப் பெயரை ஒட்டியே இருக்கட்டும். கல்லூரி முதல் வருடத்தில் விளையாட்டாகத் தொடங்கிய மின்னஞ்சலை வேலைக்குக் கொடுக்க வேண்டாம், புதிதாக ஒன்று தொடங்க ஐந்து நிமிடம் போதும். அப்புறம் ஒன்று. போனில் கூப்பிடும் ஹெச்.ஆர். "மிஸ்டர் கந்தசாமியா?" என்று உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கேட்பார். "ராங் நம்பர்" என்று வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்துவிட்டவர்களை நானே மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் கூப்பிடமாட்டார்கள்.

எதை எடுத்துவிட வேண்டும்

மதம், சாதி, தந்தை பெயருக்கென்று தனி வரி, திருமண விவரம், உயரம், எடை எதுவும் தனியார் வேலைக்கான ரெஸ்யூமில் வேண்டாம். அரசு வேலைப் படிவம் வேறு, அதில் கேட்டதையெல்லாம் நிரப்பத்தான் வேண்டும். கடைசி உறுதிமொழியும் கையெழுத்தும் தேவையில்லை. அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி வேலையைப் பற்றி எழுதலாம். போட்டோ, கேட்டால் மட்டும்.

ஆதார் எண், பான் எண், வீட்டு முழு முகவரி ஆகியவற்றைக் கண்டிப்பாகப் போடாதீர்கள். உங்கள் ரெஸ்யூம் எத்தனை கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கும் ஏரியாவும் ஊரும் போதும்: "பிடிஎம் லேஅவுட், பெங்களூரு". இன்னும் ஊரிலேயே இருந்தால், "தற்போது தர்மபுரி, பெங்களூருவுக்கு உடனே வரத் தயார்" என்று எழுதுங்கள். ஓசூரில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் வந்துபோக முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். இடம் எது என்று பார்த்துத்தான் பல ஹெச்.ஆர். பட்டியலையே திறக்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று வேலை தருகிறவர் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒழுங்கான கம்பெனி ஒருபோதும் வேலைக்கு வருகிறவரிடம் பணம் வாங்காது. அம்மா நகையை அடகு வைத்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு வந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மேலே மூன்று வரி

பெயருக்குக் கீழே "கேரியர் அப்ஜெக்டிவ்" என்று ஒரு பத்தி எழுதுவது பழைய வழக்கம். "புகழ்பெற்ற நிறுவனத்தில் என் திறமையை வளர்த்துக்கொள்ள" என்று அது போகும். கம்பெனி உங்களுக்கு என்ன தர வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. அதற்குப் பதில் நீங்கள் யார், என்ன செய்வீர்கள், எப்போது வர முடியும் என்று மூன்றே வரி எழுதுங்கள்.

மண்டிக் கணக்குப் பெண்ணுக்கு இப்படி எழுதினோம்: "பி.காம். படித்தவர். மொத்த வியாபாரக் கடையில் மூன்று வருடம் டேலி, ஜிஎஸ்டி தாக்கல், பாக்கி வசூல் மூன்றையும் தனியாகக் கவனித்தவர். பெங்களூருவில் இருக்கிறார், உடனே சேரலாம்." ஆங்கிலத்தில் இதை "நான்" என்ற சொல் இல்லாமல் வினையில் தொடங்கிச் சின்னச் சின்ன வரியாக எழுதுவதுதான் வழக்கம்.

இதை மேலே வைத்தாலும், மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு கடைசியாக எழுதுங்கள். அப்போதுதான் எது முக்கியம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படிப்பு, அரியர், இடைவெளி

புதிதாக வருகிறவர் என்றால் படிப்பு முதலில், புராஜெக்ட் அடுத்து. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டால் வேலை முதலில் வரட்டும், அதிலும் கடைசியாகப் பார்த்த வேலை மேலே. படிப்பு கீழே இறங்கிவிடலாம்.

மார்க்கை மாற்றி எழுதாதீர்கள். பத்தாவதிலிருந்தே அறுபது சதவீதம் வேண்டும் என்று சில கம்பெனிகள் கேட்கும். 59.4 இருக்கிறவர் 60 என்று போட்டால் சரிபார்ப்பில் அது தவறான தகவல்தான். மார்க் குறைவு, விளம்பரத்திலும் கேட்கவில்லை என்றால் பட்டத்தையும் வருடத்தையும் மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்துவிட்ட அரியரைப் பற்றி ரெஸ்யூமில் பேச வேண்டியதே இல்லை. நிலுவையில் இருந்தால், படிப்பு முடிந்துவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள். தமிழ் மீடியம் என்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அதை எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இடையில் ஒரு வருடம், இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்திருக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தை பிறந்தது, போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "2022–2023: குடும்ப உறுப்பினரின் மருத்துவக் கவனிப்பு." அந்த நேரத்தில் ஏதாவது கற்றிருந்தால் அதைக் கூடவே எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடைவெளியைப் பார்த்துத்தான் ஹெச்.ஆர். மோசமாக எதையாவது நினைத்துக்கொள்வார்.

பொய் அனுபவம் வாங்காதீர்கள்

இரண்டு வருட அனுபவச் சான்றிதழ், சம்பள ரசீதோடு தருகிறோம் என்று சொல்கிற ஆட்கள் இங்கே உண்டு. பி.ஜி. விடுதியில் பக்கத்துக் கட்டில் பையனே சொல்லுவான், "எல்லாரும் பண்றாங்க மச்சி" என்று. வேண்டாம்.

பி.எஃப். கணக்குக்கு யுஏஎன் என்று ஒரே எண் உண்டு, 2014-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அந்தக் கணக்கின் பணி வரலாற்றில் நிற்கும். சேரும்போது அதைக் கேட்பார்கள். போதாததற்குச் சரிபார்ப்புக்கென்றே தனி நிறுவனங்கள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்கும். இது பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான் முடியும். நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பியை நாலாவது மாதம் இதற்காக அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தைக் கொடுத்தது நான்தான். அவனுக்கு உண்மையிலேயே வேலை தெரியும். பிரெஷர் என்றே வந்திருந்தால் அடுத்த வருடம் சம்பளமும் ஏறியிருக்கும்.

மொழிகள்

தமிழ் என்று எழுத மறக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை நிறுவனங்களில் "தமிழ் புராசஸ்" என்று தனியாகவே ஆள் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடைகள், டீலர்களோடு பேசும் விற்பனை வேலைகளுக்கும் தமிழ் தேவை. கன்னடத்தை உள்ளபடி எழுதுங்கள்: "புரியும்", "பேசுவேன்", "படிக்கக் கற்றுவருகிறேன்". ஒன்றும் தெரியாதென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். நமக்கு அது நெருங்கிய மொழி. மருத்துவமனை, கடை, வங்கி வேலைகளில் நீங்கள் கன்னடம் கற்றுக்கொள்கிறீர்கள் என்பதற்கே மதிப்பு உண்டு. வந்து வாழும் ஊரின் மொழியைக் கற்பது மரியாதையும்கூட.

தாளின் தோற்றம்

புதியவருக்கு ஒரு பக்கம், அனுபவம் உள்ளவருக்கு இரண்டு. கறுப்பு எழுத்து, ஒரே எழுத்துரு, 11 அளவு. இரண்டு பத்தியாகப் பிரித்த வண்ண டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மென்பொருள் அதை இடமிருந்து வலமாகப் படித்து வரிகளைக் கலந்துவிடக்கூடும். ஆங்கிலம் நாலு ஸ்டார், எக்செல் மூன்று ஸ்டார் என்று போடுவதும் வேண்டாம். எக்செல்லில் விலுக்அப், பிவட் டேபிள் போடத் தெரியும் என்றால் அதையே எழுதுங்கள்.

ஒரு சோதனை இருக்கிறது. ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக்கி, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாக, புரியும்படி வந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் புரியும். குழம்பி வந்தால் வடிவத்தை எளிமையாக்குங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று வந்தால் அது யாருடையது என்று எப்படித் தேடுவது?

ஆங்கிலப் பிழை திருத்த ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் அவை நீங்கள் சொன்னதை ஊதிப் பெரிதாக்கிவிடும். திருத்தி வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, "இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றால் என்னால் முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாத வரியை அழித்துவிடுங்கள்.

அனுப்புவது

நௌக்ரி, லிங்க்ட்இன் என்ற வேலை தேடும் இணையதளங்களில் கணக்குத் தொடங்கி, ரெஸ்யூமில் உள்ள அதே விவரங்களை நிரப்புங்கள். இரண்டிலும் தேதிகள் ஒத்துப்போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பும்போது வெறும் ஃபைலை மட்டும் இணைக்காமல் நாலு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, உங்கள் அனுபவம் என்ன, எப்போது சேரலாம், போன் எண். ஏற்கெனவே வேலையில் இருந்தால், விலகுவதாகச் சொன்ன பிறகு அங்கே இருக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதையும் சேருங்கள்.

ஊர்க்காரர், சீனியர், தெரிந்த அண்ணன் யாராவது அந்தக் கம்பெனியில் இருந்தால் ரெஃபர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். "அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையின் பெயர், விளம்பரத்தின் லிங்க், உங்கள் ரெஸ்யூம் மூன்றையும் சேர்த்து அனுப்பினால் அவர் டீ இடைவேளையிலேயே போட்டுவிடுவார்.

எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு எந்த ரெஸ்யூம் போனது என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்துப் போன் வரும்போது தடுமாறாமல் பேச அது உதவும். முப்பது இடத்துக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை என்றால் மேலே உள்ள மூன்று வரியையும் விளம்பரச் சொற்களையும் மறுபடி பாருங்கள். போன் வருகிறது, நேர்காணலில் நிற்கிறது என்றால், எந்த வரியில் கேள்வி கேட்டார்கள், எங்கே உங்களுக்கு வார்த்தை வரவில்லை என்பதை வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே குறித்துக்கொண்டு, அன்று இரவே அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.